கடலும் கடவுச்சீட்டும்: புத்தளக் கரையோர மாணவரின் வெளிநாட்டுக் கல்வி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையரின் வெளிநாட்டுக் கல்வி பற்றி இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் சுற்றியே அமைந்துள்ளன. கேம்பிரிட்ஜுக்கும் ஒக்ஸ்போட்டுக்கும் சென்று திரும்பியோரின் வாழ்க்கை வரலாறுகளே அவற்றின் முதன்மைப் பொருள். சென்றவர் எவ்வாறு செல்ல அனுமதிக்கப்பட்டார், செல்ல இயலாதவர் எதனால் தடுக்கப்பட்டார் என்னும் வினா அவற்றில் எழுவது அரிது. குடிவரவுச் சட்டங்களின் வரலாற்றை ஆராய்ந்தோர், நியாயமாகவே, மலையகத் தொழிலாளரின் பிரசாவுரிமைப் பிரச்சினையிற் கவனஞ் செலுத்தினர். இவ்விரு துறைகளுக்கும் இடையே கவனிப்பாரின்றி நிற்பவர் மாணவர் வீசாவுக்கு விண்ணப்பிப்பவர்.

வடக்கே மோதரகம் ஆற்றிலிருந்து தெற்கே மா ஓயா வரை நீளும் புத்தள மாவட்டக் கரையோரத்தை இவ்வினாவுக்குரிய களமாக நாம் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. புத்தளம், கற்பிட்டி ஆகிய இடங்களில் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம்கள், உடப்பு முதலான ஊர்களின் இந்துத் தமிழர், சிலாபத்துக்குத் தெற்கே காலப்போக்கிற் சிங்களம் பேசத் தலைப்பட்ட கத்தோலிக்க மீனவர், 1990ஆம் ஆண்டில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்து சேர்ந்த முஸ்லிம்கள் ஆகிய பல பிரிவினர் இக்கரையில் அருகருகே வாழ்ந்து வந்துள்ளனர். கடல் கடந்து செல்லுதல் இவர்களுள் எவருக்கும் புதியதன்று. புதியவை அப்பயணத்துக்குக் கேட்கப்படும் தாள்களே. மாணவர் வீசா என்பது விண்ணப்பிப்பவரின் கல்வித் தகைமையை மட்டும் சோதிப்பதில்லை. அவருடைய குடும்பம் ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்ததையும், சொத்துச் சேர்த்ததையும், அவ்விரண்டையும் தாளிற் பதிந்து பாதுகாத்ததையும் அது மெய்ப்பிக்கக் கேட்கின்றது. இக்கரையின் அண்மைக்கால வரலாறு அவற்றைப் பலருக்கு மறுத்துள்ளது என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்வது.

நுழைவு அனுமதி என்னும் கருத்து இக்கரைக்குப் பழையது. 1344ஆம் ஆண்டளவில் மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரையை நோக்கிப் புறப்பட்ட மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, காற்றினால் திசைமாறி 'பத்தாலா' என அவர் குறிப்பிடும் துறையை வந்தடைந்தார். இது புத்தளமே என்பது ஆய்வாளர் பலரும் ஏற்கும் முடிபு. துறையின் அதிபதியான ஆரியச்சக்கரவர்த்திக்கு அஞ்சிக் கப்பற்றலைவன் உள்ளே நுழையத் தயங்கினான். தாம் முதலிற் கரையிறங்கி அவனுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு உறுதி பெற்றுத் தருவதாகப் பதூதா கூறினார். கரையில் நின்றோர் அவரை யார் என வினவியபோது, மஃபர் எனப்பட்ட மதுரைச் சுல்தானின் உறவினன் என விடையிறுத்தார். பாரசீக மொழி அறிந்திருந்த மன்னன் அவரை மூன்று நாள் உபசரித்துப் பாவாடமலைக்குச் செல்லப் பல்லக்கும், வழிகாட்ட யோகியரையும் பிராமணரையும், உணவு சுமக்க ஆட்களையும் கொடுத்தனுப்பினான்.

யார் நீர், எவரை அறிவீர், எதற்காக வந்தீர் என்னும் வினாக்கள் இன்றைய தூதரக நேர்முகத்திலும் மாறவில்லை. விடையை மெய்ப்பிக்கும் முறை மாறிவிட்டது. பதூதாவிடம் எவரும் தாள் கேட்கவில்லை. உறவின் பெயரும் பேச்சின் தகுதியும் போதுமாயிருந்தன. அவ்வாறு போதுமாயிருந்தமை அவர் பெருங்குடி மகன் என்பதாலேயே என்பதையும் மறத்தலாகாது. அவருடைய கப்பலிற் பணிசெய்த மாலுமி ஒருவனுக்கு அதே வரவேற்புக் கிடைத்திருக்குமென எண்ண இடமில்லை. பழங்காலத்தை எல்லையற்ற பொற்காலமாகக் காணும் மயக்கம் நமக்குத் தேவையில்லை.

கடற்பயணத்தைத் தாளோடு முறையாகப் பிணைத்தவர் ஐரோப்பியர். போர்த்துக்கேயரும் அவரைப் பின்பற்றி ஒல்லாந்தரும் உள்ளூர்க் கலங்கள் தம் அனுமதிச் சீட்டின்றிக் கடலில் செல்லலாகாது என விதித்தனர். 1667இல் கட்டத் தொடங்கி 1676இல் முடிக்கப்பட்ட கற்பிட்டிக் கோட்டை, கண்டி இராச்சியத்துக்கும் புறவுலகுக்கும் இடையே புத்தளக் களப்பினூடாக நடைபெற்ற வணிகத்தைக் கண்காணிக்கும் வாயிலாயிற்று. எனினும் அவர்கள் சோதித்தவை கலமும் பாக்கும் கறுவாவும் புடவையுமே. கற்கச் செல்பவன் என்றொரு வகையினனை அவர்களது பதிவேடுகள் தனியே பிரித்து நோக்கவில்லை.

இதனாற்றான் கற்பிட்டிக்கும் எதிர்க்கரையின் காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களுக்கும் இடையே கல்வித் தொடர்பு நெடுங்காலம் தடையின்றி நிகழ்ந்தது. மார்க்கக் கல்வி தேடிய இளைஞர் பாக்கு நீரிணையைக் கடந்து சென்றனர். ஆலிம்கள் அங்கிருந்து இங்கு வந்தனர். கீழக்கரையைச் சேர்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 - 1898) இலங்கையின் பல ஊர்களிற் போதித்தமை நன்கறியப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் புத்தளத்திலே காசிமிய்யா அரபுக் கல்லூரியும் வேலூரிலே பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தும் தோன்றிய பின்னரும் இப்போக்குவரத்து நிற்கவில்லை. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபோது கொழும்பிற் பயணச்சீட்டு எடுத்து நேரே சென்னை சேர முடிந்தது. மண்டபம் முகாமிற் சோதனை இருந்தது உண்மையே. ஆனால் அது தொற்றுநோய்க்கும் தொழிலாளருக்கும் உரிய சோதனை. ஓதச் சென்ற பிள்ளையிடம் எவரும் வங்கிக் கணக்கைக் கேட்கவில்லை. வெளிநாட்டுக் கல்வி என்று இதனை எவரும் அழைக்கவுமில்லை. மொழியாலும் மணவுறவாலும் வணிகத்தாலும் இணைந்த இரு கரைகளின் உள்விவகாரமாகவே அது இருந்தது.

ஆங்கிலக் கல்வியின் வழி வேறு. 1870இல் அரசாங்கத்தின் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரிக்குச் சென்ற பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயர் அனைவரும் அறிந்தது. அக்காலத்திற் பிரித்தானியப் பேரரசின் குடிமகன் இங்கிலாந்து செல்ல வீசா எதுவும் வேண்டியதில்லை. ஆயினும் கொழும்பின் உயர்நிலைப் பாடசாலைகளிற் படித்தோரன்றிப் பிறர் அப்பரிசிலுக்குப் போட்டியிடுதல் கனவே. எல்லையிற் காவலன் இல்லாதவிடத்துப் பரீட்சை மண்டபமே காவல் செய்தது எனலாம். புத்தளக் கரையின் ஆற்றல் மிக்கோர் உள்ளூரிலேயே கற்று உயர வேண்டியிருந்தது. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி இதற்குச் சிறந்த சான்று. எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் செல்லாமல், புத்தளத்து அலுவலகங்களிற் பணிபுரிந்தவாறே பல மொழிகளைக் கற்றுத் தேர்ந்து, 1834இல் இலங்கை பற்றிய இடவிவரணக் கலைக்களஞ்சியத்தையும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றைக் கூறும் 'தமிழ் புளூட்டாக்' நூலையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1838இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாகவும் அமர்ந்தார். பின்வந்த காலத்தில் 1956 முதல் 1959 வரை சபாநாயகராக விளங்கிய புத்தளத்து எச். எஸ். இஸ்மாயிலும் கொழும்பிற் பயின்று புரொக்டர் ஆனவரே. இலண்டன் சென்று பாரிஸ்டர் பட்டம் பெறுதல் பெருநிலவுடைமையாளருக்கும் பெருவணிகருக்கும் உரியதாயிருந்த காலம் அது.

வரலாற்றின் திருப்பம் 1948இலும் 1949இலும் நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களுக்கு இழைத்த அநீதி பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தைப் பற்றிய கவனம் அதனினும் குறைவு. 1949 நவம்பர் 1இல் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் இயங்கத் தொடங்கியது. அதனையடுத்துப் பாக்கு நீரிணை முதன்முறையாக ஒரு சர்வதேச எல்லையாயிற்று. கீழக்கரையில் ஓத விரும்பிய கற்பிட்டிச் சிறுவன் வெளிநாட்டு மாணவன் ஆனான். அவனிடம் கடவுச்சீட்டு இருத்தல் வேண்டும். கடவுச்சீட்டுக்குப் பிரசாவுரிமையும், பிரசாவுரிமைக்குத் தந்தை இலங்கையிற் பிறந்தமைக்கான சான்றும், தந்தை வெளியே பிறந்தவராயின் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமைக்கான சான்றும் வேண்டப்பட்டன. இரு கரையிலும் வீடு வைத்திருந்த குடும்பங்களுக்கு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற பெண்களின் பிள்ளைகளுக்கு, இது எத்தகைய சிக்கலை உண்டாக்கியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மலையகத் தொழிலாளரை இலக்காகக் கொண்டு வீசிய வலையிற் கரையோர மக்களும் சிக்கினர்.

சுதந்திரத்துக்குப் பிந்திய முதல் முப்பது ஆண்டுகளில் மாணவரின் பயணத்தை அந்நிய நாட்டு வீசாவைக் காட்டிலும் சொந்த அரசின் செலாவணிக் கட்டுப்பாடே மிகுதியும் தீர்மானித்தது. 1953ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதன் கருவி. பெற்றோரிடம் பணமிருந்தாலும் அதனை வெளியே அனுப்ப அனுமதி வேண்டும். இந்நிலையில் வெளியே படிக்க விரும்பியோருக்குப் பெரும்பாலும் எஞ்சியவை அரசுகளுக்கிடையிலான புலமைப்பரிசில்களே. 1950இல் கொழும்பிற் கூடிய பொதுநலவாய அமைச்சர் மாநாட்டிலிருந்து எழுந்த கொழும்புத் திட்டம் ஒருபுறம். 1960இல் மொஸ்கோவில் நிறுவப்பட்ட லுமும்பா பல்கலைக்கழகம் மறுபுறம். மதீனாவில் 1961இல் தொடங்கிய இஸ்லாமியப் பல்கலைக்கழகம் முஸ்லிம் மாணவருக்கு மூன்றாவது வழி.

இவ்விடத்து ஒரு செய்தியைக் குறிப்பிடாது செல்ல மனமில்லை. லுமும்பாவில் மருத்துவம் பயின்ற ரோகண விஜேவீர 1964இல் நாட்டுக்கு வந்தபோது சீனச்சார்பு அணியோடு நெருங்கினார் என்பதற்காக மொஸ்கோ திரும்ப அவருக்கு வீசா மறுக்கப்பட்டது. மக்கள் விடுதலை முன்னணி அடுத்த ஆண்டிலும், ஆயுதக் கிளர்ச்சி 1971இலும் பிறந்தன. ஒரு மாணவர் வீசா மறுக்கப்பட்டதால் கிளர்ச்சி விளைந்தது என்பது நம் கருத்தன்று. வரலாற்றை அவ்வாறு தனிமனித நிகழ்வாகக் குறுக்குதல் தவறு. சோசலிச நாடுகளின் வீசாவும் அரசியற் சோதனைக்கு உட்பட்டதே என்பதை நாம் மறைக்கவும் வேண்டியதில்லை.

1977க்குப் பின் செலாவணிக் கட்டு தளர்ந்தது. வளைகுடாவுக்குத் தொழிலாளர் செல்லத் தொடங்கினர். புத்தளக் கரையின் வீடுகளிலிருந்து பெண்கள் வீட்டுப் பணிக்குச் சென்றனர். வென்னப்புவ, மாரவில பகுதிகளிலிருந்து இத்தாலிக்கு வழி திறந்தது. இங்கே ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. தாயை வேலைக்காரியாக ஏற்கும் வீசாவை முகவர் சில வாரங்களிற் பெற்றுத் தருகின்றார். அவள் அனுப்பும் பணத்திற் கற்ற மகனுக்கோ மகளுக்கோ மாணவர் வீசா பெறுதல் பெரும்பாடாகின்றது. உழைப்பை எளிதாகவும் உழைப்பாளியின் பிள்ளையை அரிதாகவும் அனுமதிக்கும் இவ்வொழுங்கு உலக முதலாளித்துவத்தின் தேவைக்கு இயைந்ததே.

அடுத்த வாயில் 1985இல் அடைக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் ஐக்கிய இராச்சியம் இலங்கையருக்கு வீசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் குடிமக்கள்மீது அந்நாடு இவ்விதி விதித்தமை அதுவே முதன்முறை. 1983 வன்செயலையடுத்துத் தஞ்சம் கோரி வந்த தமிழரைத் தடுப்பதே நோக்கம். அகதியைத் தடுக்க எழுப்பிய சுவர் மாணவரையும் தடுத்தது. மேற்கு நாடுகளின் வீசா அதிகாரி அன்றுமுதல் இலங்கை மாணவரின் விண்ணப்பத்தைக் கையிலெடுக்கும்போது, இவர் படிக்கச் செல்கின்றாரா, திரும்பி வராதிருக்கச் செல்கின்றாரா என்னும் ஐயத்தோடே தொடங்குகின்றார்.

ஐந்தாண்டுகளின் பின் இக்கரை கண்ட நிகழ்வு இக்கட்டுரைக்கு உயிரானது. 1990 ஒக்டோபரின் பிற்பகுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. யாழ்ப்பாண நகரத்தாருக்குச் சில மணி நேர அவகாசமே கிடைத்தது. மன்னார்த் தீவின் மக்கள் வள்ளங்களிற் கடல்வழியே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். நகையும் பணமும் வாயில்களிற் பறிக்கப்பட்டன. காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் பரீட்சைப் பெறுபேறுகளும் வீடுகளோடு விடப்பட்டன அல்லது வழியில் இழக்கப்பட்டன. இவ்வெளியேற்றத்தைத் தமிழ்த் தேசியவாத எழுத்துக்கள் பல நெடுங்காலம் ஓர் அடிக்குறிப்பாகவே கருதிக் கடந்து சென்றமை நமது அறிவுலகின் பெருங்குறை.

ஆலங்குடா, பாலாவி முதலிய இடங்களின் ஓலைக் கொட்டில்களில் வளர்ந்த தலைமுறை பல்கலைக்கழக வயதை எட்டியபோது அதன்முன் இரு வாயில்கள் இருந்தன. முதலாவது உள்நாட்டுப் பல்கலைக்கழகம். அனுமதியின் நாற்பது வீதம் தேசியத் தகுதி அடிப்படையிலும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட அடிப்படையிலும், ஐந்து வீதம் வாய்ப்புக் குறைந்த பதினாறு மாவட்டங்களுக்கும் என வகுக்கப்பட்ட ஏற்பாட்டிற் புத்தளமும் அப்பதினாறினுள் ஒன்று. மாவட்டமே விதியாகும் ஓர் ஏற்பாட்டில், மாவட்டத்தைப் பறிகொடுத்தவரின் பிள்ளை எம்மாவட்டத்தது என்னும் வினா எழுந்தே தீரும். வந்தேறியோர் தம் பங்கைப் பறிப்பதாகப் புத்தளத்து மக்களுட் சிலர் கருதினர். ஏழைகள் இருவரை ஒரு துண்டு நிலத்துக்கு மோதவிடுவது போன்றதே இது. ஏற்பாட்டின் குறை மனிதரின் பகையாக வெளிப்பட்டது.

இரண்டாவது வாயில் வெளிநாடு. அதன் விண்ணப்பம் கேட்பவற்றை நோக்குவோம். பிறப்புச் சான்றிதழ் தமிழில் உள்ளதாயின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பெயர்ப்பு வேண்டும். மூலப் பதிவேடோ போர் நடந்த மாவட்டத்துக் கச்சேரியில் இருந்தது. வதிவிடத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும். வாக்காளர் இடாப்பில் வடக்கிலும் வாழ்வில் புத்தளத்திலும் இருந்த குடும்பத்துக்கு எந்தக் கிராம உத்தியோகத்தர் தமக்குரியவர் என்பதே தெளிவற்றதாயிற்று. பிரித்தானிய மாணவர் வீசாவுக்குக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து இருபத்தெட்டு நாள் வங்கியிற் கிடத்தல் வேண்டும். உறவினர் பலரிடம் கைமாற்றாகப் பெற்ற பணம் அத்தனை நாள் அசையாது கிடக்குமா? காணியைச் சொத்தாகக் காட்டலாமெனில் உறுதி இல்லை. உறுதி இருந்தாலும் காணியிற் பிறர் குடியிருந்தனர். பத்தாண்டு ஆட்சியால் உரிமை கைமாறும் காலவரையறைச் சட்டத்தினின்று போரால் இடம்பெயர்ந்தோருக்கு விலக்களிக்கும் சிறப்பேற்பாட்டுச் சட்டம் 2016இலேயே, வெளியேற்றத்தின் பின் இருபத்தாறு ஆண்டுகள் கழித்தே, இயற்றப்பட்டது.

அவுஸ்திரேலியாவின் விதி இன்னும் வெளிப்படையானது. 2011இன் இறுதியில் அந்நாடு மாணவர்மீது 'உண்மையான தற்காலிக வருகையாளர்' என்னும் தகுதியை விதித்தது. விண்ணப்பிப்பவரின் தாய்நாட்டுப் பொருளாதார நிலையும், அங்குள்ள அரசியற் குழப்பமும், திரும்பி வர அவருக்குள்ள பிணைப்புகளும் அதிகாரியால் எடைபோடப்பட்டன. வீடிழந்தவனுக்குத் திரும்பப் பிணைப்பு யாது? சொந்த நாட்டில் அவன் அனுபவித்த துன்பமே அந்நிய நாட்டில் அவனுக்கெதிரான சான்றாயிற்று. 2012இல் இலங்கையிலிருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் வள்ளங்களில் அவுஸ்திரேலியா சென்றனர். புறப்பட்ட துறைகளுட் சிலாபம், நீர்கொழும்புக் கரைகளும் அடங்கும். சட்டவழி மூடப்படின் மக்கள் கடல்வழி தேடுவர் என்பதற்கு இது சான்று. கரையோர முகவரி கொண்ட மாணவரின் விண்ணப்பத்தை ஐயுறுவதற்கு அதிகாரிகட்கு இது மேலுமொரு காரணம். 2024 மார்ச்சில் அவ்விதியின் பெயர் 'உண்மையான மாணவர்' என மாறியது. நாட்டிலுள்ள பிணைப்பும் பொருளாதார நிலையும் இன்றும் வினவப்படுகின்றன.

பெயரே ஓர் இடர் என்பதைப் பலர் அறியார். இக்கரையின் தமிழர்க்கும் முஸ்லிம்கட்கும் குடும்பப்பெயர் என்னும் வழக்கு இல்லை. தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்நிற்கும். மேலைநாட்டு விண்ணப்பமோ குடும்பப்பெயருக்கென ஒரு கட்டத்தை ஒதுக்கி, அதனை வெறிதே விட அனுமதிப்பதில்லை. பிறப்புப் பதிவில் தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பெயர், அடையாள அட்டையில் ஒருவாறும், பரீட்சைச் சான்றிதழில் வேறொருவாறும், கடவுச்சீட்டில் மூன்றாவது ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் நிற்கும். சிலாபத்துக்குத் தெற்கே சிக்கல் மேலும் ஆழமானது. 1940 முதல் 1972 வரை சிலாபம் மறைமாவட்ட ஆயராயிருந்த எட்மண்ட் பீரிஸின் காலத்தில் கரையோரப் பாடசாலைகள் தமிழ்மொழியிலிருந்து சிங்களத்துக்கு மாறின. பாட்டனின் பதிவு தமிழிலும் பேரனின் பதிவு சிங்களத்திலும் இருக்கும் குடும்பங்கள் அங்குண்டு. இருவரும் ஒரே குடும்பத்தினர் என்பதை மெய்ப்பிக்க அவர்கள் சத்தியக் கடதாசி முடிக்கின்றனர்.

வெளியேற்றப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் இன்று புத்தளத்திற் பிறந்து புத்தளத்திற் படித்தவர்கள். பாட்டன் பெயரிலுள்ள காணி மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ளது; அங்கு சிலர் மீளக் குடியமர்ந்துள்ளனர், பலர் இரு இடங்களிலும் ஒவ்வொரு கால் வைத்துள்ளனர். வீசா விண்ணப்பத்தின் முதற் பக்கத்தில் 'நிரந்தர முகவரி' என்றொரு கட்டம் உண்டு. தந்தை எருக்கலம்பிட்டி என்கின்றார்; மகள் பாலாவி என எழுதுகின்றாள்; இணைக்கப்பட்ட வாக்காளர் இடாப்புப் பிரதியில் மூன்றாவது முகவரியொன்று காணப்படுகின்றது.